மூன்று முறை கேட்டால்

செப்டம்பர் 12

அன்புள்ள பாத்யா அக்கா,

போனில் என்னைத் தடுத்து வைத்திருக்கிறாய். அம்மாவின் போனில் கூப்பிட்டால், "நான் குளிக்கிறேன்னு சொல்லும்மா" என்று நீ சொல்வது எனக்கே கேட்கிறது. ஒரு நாளில் எத்தனை தடவைதான் குளிப்பாய்? அதனால் தபால் தலை வாங்கிவிட்டேன். தபால்காரரிடம் அந்தச் சாக்குச் சொல்ல முடியாது.

அப்பா சொல்லியிருப்பார். இருந்தாலும் என் வாயால் சொல்கிறேன். கல்லூரிச் சாப்பாட்டுக் கூடத்து மூலையில், யூதச் சாப்பாட்டு விதிக்காகத் தனியாக வைத்த நம் கோஷர் பிரிட்ஜ் இருக்கிறதே, நீ இங்கே படித்தபோது இருந்த அதே பிரிட்ஜ்தான், கதவு இன்னும் ஒழுங்காக மூடாது. போன வியாழக்கிழமை காலை பால் எடுக்கத் திறந்தேன். நடுத்தட்டில் ஒரு பூச்சி மருந்து டப்பா. மேலே சிவப்பு ரிப்பன் கட்டி, "உங்கள் எல்லோருக்கும் போதும்" என்று ஒரு சீட்டு. நாஜி முகாம்களில் நம் யூத ஜனங்களைக் கொன்ற விஷவாயு முதலில் பூச்சி மருந்தாகத்தான் விற்கப்பட்டது. வைத்தவருக்கும் அது தெரிந்திருக்கிறது. நான் பால் எடுக்காமல் கதவைச் சாத்திவிட்டு வகுப்புக்குப் போய்விட்டேன்.

ஆனால் அன்று சாயங்காலம் நடந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். எங்கள் மேசையில் வழக்கமாக நாங்கள் சில பேர்தான் சாப்பிடுவோம். அன்று கூடம் கொள்ளவில்லை. யார் யாரோ தட்டை எடுத்துக்கொண்டு வந்து, "இங்க உட்காரலாமா?" என்று கேட்டு உட்கார்ந்தார்கள். ஹோடன் என்று ஒரு சோமாலியப் பெண், மறுநாள் காலையிலிருந்து என்னோடு வகுப்பு வரை நடந்து வருகிறாள். "என் முக்காட்டுக்கு நான் வாங்காத பேச்சா? வா, சேர்ந்தே வாங்கிக்கலாம்" என்கிறாள். எமிலியோ என்று ஒருவன், கால்பந்து ஆடுகிறவன், உதவுகிறேன் பேர்வழி என்று பிரிட்ஜில் இருந்த அத்தனை பாத்திரத்தையும் எடுத்துக் கழுவி வைத்துவிட்டான். ஒன்றோடொன்று சேரவே கூடாத பால் பாத்திரம், இறைச்சிப் பாத்திரம் எல்லாவற்றையும் ஒரே தொட்டியில், ஒரே பஞ்சில்! அவன் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். யாருக்கும் சொல்ல மனம் வரவில்லை. அவன் போன பிறகு எல்லாவற்றையும் மறுபடி கொதிக்க வைத்தோம்.

அவர்களையெல்லாம் அழைத்து வந்தது யார் என்று எழுதினால் இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடுவாய். கிழிப்பதற்கு முன் படித்துவிடு. லியோரா. அறை அறையாகப் போய்க் கதவைத் தட்டினாளாம். உன்னிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னாள். கேட்டுவிட்டேன்.

உன்,
ஸெல்டா


செப்டம்பர் 17

ஸெல்டா,

உடம்பு நன்றாக இருக்கிறதா, சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா. ஒரு அக்கா கேட்க வேண்டியதைக் கேட்டாகிவிட்டது. இனி என் வயிற்றெரிச்சலைக் கொட்டுகிறேன். வீட்டில் யாரிடமும் கொட்ட முடியாது. அப்பா வெள்ளி இரவுச் சாப்பாட்டில் உன் டப்பாக் கதையைச் சொல்லாமல் ரொட்டியைப் பிட்பதில்லை. கூடம் கொள்ளாத கூட்டம் வரும் இடத்தில் குரல் கம்முகிறது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். நான் உப்பு எடுத்து வருகிறேன் என்று எழுந்து போகிறேன்.

அதே கூடத்தில்தானடி நானும் சாப்பிட்டேன். உனக்கு மட்டும் தெரியும், உன்னிடம் மட்டும்தான் சொன்னேன், இருந்தாலும் மறுபடி சொல்கிறேன். நீ மறந்துவிட்டாய் போலிருக்கிறது.

இரண்டு வருஷத்துக்கு முன் டிசம்பர் கச்சேரியில் தனிப்பாட்டு எனக்கு. பாட்டுக் குழுத் தலைவி ஒத்திகை நடுவில் ஒரு தாளை நீட்டினாள். "மேடை ஏறுறதுக்கு முன்னாடி இதை எல்லார் முன்னாடியும் படிச்சிடு, பாத்யா. சும்மா ஒரு சம்பிரதாயம்." தூரத்தில் ஒரு யூத தேசம் செய்கிற போருக்கு நான் வெட்கப்படுகிறேன், அதோடு எனக்கு எந்த ஒட்டும் உறவும் இல்லை என்று எழுதியிருந்தது. அந்தப் போரைப் பற்றி எனக்கு அபிப்பிராயம் உண்டு. அப்பாவோடு மேசையில் கத்திச் சண்டை போட்டவள் நான், நீயே பார்த்திருக்கிறாய். ஆனால் நாற்பது பேர் பாடும் குழுவில் பாடுவதற்கு டிக்கெட் காட்டச் சொன்னது என்னிடம் மட்டும். "மத்தவங்களும் படிக்கிறாங்களா?" என்று கேட்டேன். "மத்தவங்களுக்கு எதுக்கு?" என்றாள், நிஜமாகவே புரியாமல்.

என் பக்கத்து நாற்காலியில் லியோரா. வெளியூர்க்காரி, குடும்பப் பெயர் மார்ட்டின். நம் யூதப் பெண் என்று குழுவில் என்னைத் தவிர ஒருவரும் கவனித்ததில்லை. அவள் என்ன செய்தாள் தெரியுமா? கழுத்திலிருந்த நம் அடையாளமான ஆறு முனை நட்சத்திரத்தை எடுத்து மெதுவாகச் சட்டைக்குள்ளே போட்டுக்கொண்டாள். போட்டுவிட்டுப் பாட்டுத் தாளைப் பார்த்தாள். நான் படிக்க மாட்டேன் என்றேன். தனிப்பாட்டு வேறொருத்திக்குப் போயிற்று. அடுத்த வாரம் என் பாட்டுத் தாளில் யாரோ, யூதர்களைக் கேலி செய்ய வரைவார்களே, அந்த நீள மூக்கை வரைந்து வைத்திருந்தார்கள். பிப்ரவரி வரை தனியாகச் சாப்பிட்டேன். பிறகு தொண்டை கெட்டுப்போச்சு என்று சொல்லி வீடு வந்து சேர்ந்தேன். அம்மா இன்றுவரை இஞ்சி போட்டுத் தருகிறாள்.

எனக்கு யார் தட்டை எடுத்துக்கொண்டு வந்தார்கள்? என்னோடு எந்த ஹோடன் நடந்தாள்? ஒரு கண்ணில் வெண்ணெய், இன்னொரு கண்ணில் சுண்ணாம்பு. உனக்காக அறை அறையாகக் கதவு தட்டினாளாமே, அவளுக்கு என் அறை எங்கே என்று தெரியாமலா இருந்தது? அடுத்த அறையடி.

மன்னிப்பெல்லாம் கிடையாது.

பாத்யா


செப்டம்பர் 23

அக்கா,

நான் மறக்கவில்லை. நீ போர்வைக்குள் வைத்துச் சொன்னதை நான் எப்படி மறப்பேன்? போன வருஷம் இங்கே சேர்ந்த முதல் மாதம் லியோராவோடு பேசவே இல்லை. அவளாகத்தான் ஒருநாள் வந்து, "நான் உன் அக்காவுக்கு என்ன செஞ்சேன்னு உனக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும்" என்றாள். பிறகு இருவரும் சேர்ந்து உருளைக்கிழங்கு உரித்தோம்.

இப்போது முக்கியமான விஷயம். அக்டோபர் 15, செவ்வாய்க்கிழமை, டீன் விசாரணை வைத்திருக்கிறார். டப்பாவை வைத்தவர் யார் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. ஏதோ ஒரு குறும்பு என்று முடித்துவிடப் பார்க்கிறார்கள். போன வாரம் என்னைக் கூப்பிட்டபோது டீன் மிகவும் அன்பாகத்தான் பேசினார். தண்ணீர்கூடக் கொடுத்தார். பிறகு சொன்னார்: "இத்தனை வருஷத்துல ஒரு யூத மாணவர்கூட இங்க புகார்னு வந்ததில்லம்மா. இது ஒரே ஒரு சம்பவம். பெரிசு பண்ண வேணாமே."

அந்த வாக்கியம் கல்லூரியின் முதல் அறிக்கையிலும் எழுதப்பட்டிருக்கிறது. அதுவரை யாரும் வந்ததில்லை. வந்திருக்க வேண்டியவள் நீ. நீ வந்து அந்தத் தாளைப் பற்றிச் சொன்னால் ஒரே சம்பவம் என்று யாரும் சொல்ல முடியாது. இனி எந்தக் குழுவும் எந்தப் பெண்ணிடமும் அப்படி ஒரு தாளை நீட்டக் கூடாது என்று விதி எழுத வைக்கலாம் என்கிறார்கள். நீ வராவிட்டால் ரிப்பன் கட்டிய ஒரு டப்பாவோடு கதை முடிந்தது.

வா அக்கா. ஐந்து மணி நேர பஸ்தான்.

லியோரா மறுபடியும் மன்னிப்புக் கேட்கிறாள்.

ஸெல்டா


செப்டம்பர் 29

ஸெல்டா,

பத்திரிகையில் உன் படம் வந்திருக்கிறது. மேசைக்கு நடுவில் நீ, சுற்றிலும் உன் ஜனங்கள், பின்னால் உன் தோளில் கை வைத்தபடி லியோரா. நட்சத்திரம் சட்டைக்கு வெளியே பளபளவென்று தொங்குகிறது. நீ போட்டிருக்கும் நீலக் கம்பளிச் சட்டை என்னுடையது. என் சட்டை, என் மேசை, என் தோழி. படத்தில் நான் மட்டும்தான் இல்லை.

அம்மா அதை வெட்டி நம் வீட்டுப் பிரிட்ஜில் ஒட்டியிருக்கிறாள். பால் எடுக்கப் போனால் நீ சிரிக்கிறாய். நான் கறுப்புக் காப்பி குடிக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

பொறாமைதான். வேறு பேர் வைத்துக் கூப்பிட எனக்குத் தெம்பில்லை. என்ன கேவலமான பொறாமை பார்! நகைக்கும் அழகுக்கும் பொறாமைப்படுகிறவர்கள் உண்டு. என் தங்கைக்கு விஷ டப்பா வந்தது, நான் அதற்குப் பொறாமைப்படுகிறேன். அன்றைக்கு எனக்கும் யாராவது டப்பாவே வைத்திருக்கலாம் என்று தோன்றுகிறது. டப்பாவைக் கையில் எடுத்துக் காட்டலாம். ஒரு தாளைக் காட்டி என்ன சொல்வது? "படிக்கத்தானே சொன்னாங்க, படிச்சிட்டுப் போயிருக்கலாமே" என்பார்கள். சொன்னார்கள். முதலில் சொன்னவளே லியோராதான், மறுநாள், படிக்கட்டில், யாரும் இல்லாத நேரம் பார்த்து.

உன் வழக்குக்குச் சாட்சியாக வர மாட்டேன். ஆறிய கஞ்சியைச் சூடு பண்ணி உனக்குப் பரிமாற என்னால் ஆகாது. உனக்குத்தான் ஊரே இருக்கிறதே.

பாத்யா


அக்டோபர் 6

அக்கா,

நம் யூதப் புத்தாண்டுக்கு அம்மா அனுப்பிய தேன் கேக் வந்தது. விளிம்பைக் கொஞ்சம் கருக விட்டிருக்கிறாய், எனக்குப் பிடிக்குமே என்று. அம்மாவுக்குக் கருகாது. ஆக, என் மேல் கோபமாக இருந்துகொண்டே எனக்கு கேக் சுட்டிருக்கிறாய். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பது சரிதான்.

ஊரே இருக்கிறது என்று எழுதினாய். ஊர் சாயங்காலம் இருக்கிறது அக்கா. சாப்பிட்டு முடித்ததும் கட்டிப்பிடித்துவிட்டுப் போய்விடும். வகுப்பில் என் இரு பக்கத்து நாற்காலியும் காலியாகவே இருக்கின்றன. கெட்ட எண்ணத்தில் இல்லை, என்ன பேசுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. நேற்றுவரை நான் தாவரவியல் படிக்கிற ஸெல்டா. இப்போது டப்பாப் பெண். சிலர் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறார்கள், நான் அவர்களைத் தேற்றுகிறேன். படுக்கப் போகும்போது கதவுக்கு முட்டாக நாற்காலியை வைத்துவிட்டுப் படுக்கிறேன். இதை அம்மாவிடம் சொல்லாதே. நீ அம்மா பக்கத்தில் உட்கார்ந்து இஞ்சித் தண்ணீர் குடிக்கிறாய். நானும் உன்னைப் பார்த்துப் பொறாமைப்படலாம், தெரியுமா?

நீலச் சட்டையைத் தர மாட்டேன். வந்து வாங்கிக்கொள்.

கடைசியாக ஒன்று. லியோரா உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள். இதோடு மூன்று முறை ஆயிற்று. யோம் கிப்பூர் பாவமன்னிப்பு நோன்புக்கு முன் ஒருவரிடம் மூன்று முறை கேட்டும் அவர் மன்னிக்காவிட்டால், கேட்டவருக்கு விடுதலை, மறுத்தவர் தலையில் பாவம். சின்ன வயதில் நீ என் பொம்மையை உடைத்துவிட்டு மூச்சு விடாமல் மூன்று தடவை "மன்னிச்சிடு மன்னிச்சிடு மன்னிச்சிடு" என்று சொல்லிவிட்டு ஓடுவாயே, அதே சட்டம்தான். அவளிடம் சொல்லிவிட்டேன்: "உன் கடமை முடிஞ்சது லியோரா. இனிமே அது எங்க அக்கா பாடு, கடவுள் பாடு."

இப்போது உன் தலையில் பாவம் இருக்கிறது. எனக்கு பயமாக இருக்கிறது. செவ்வாய்க்கிழமை வந்து இறக்கி வைத்துவிட்டுப் போ.

ஸெல்டா


அக்டோபர் 8
அவசரத் தபால்

ஸெல்டா,

அவளை விடுதலை செய்ய நீ யார்? உன்னைத் தூக்கி மேடையில் வைத்ததும் எனக்கு நேர்ந்ததையும் சேர்த்து உன் சொத்து என்று நினைத்துவிட்டாயா?

சட்டம் பேசுகிறவளுக்கு ஒழுங்காகச் சட்டம் தெரிய வேண்டும். நம் ஜெபக்கூடத்து ரபியிடம் கேட்டேன். "யார் நொந்தாங்களோ அவங்க முகத்தைப் பார்த்துக் கேட்கணும். தங்கச்சி கடுதாசியோட கடைசி வரியில ஒட்டி அனுப்புறதுக்குப் பேரு மன்னிப்பு இல்ல, விசாரிப்பு" என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீ கேட்ட மூன்றும் செல்லாது. ஒன்றுகூட ஆகவில்லை. அவளிடம் போய்ச் சொல். விடுதலை இல்லை என்று நீயே சொல், உன் வாயால்.

எனக்கு மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். அவள் என்னிடம் வந்து கேட்பாள், நான் முடியாது என்பேன் என்று இரண்டு வருஷமாக வைத்திருந்தேன். அதையும் நீ செலவழிக்கப் பார்த்தாய்.

பாத்யா


அக்டோபர் 13

ஸெல்டா,

இந்தக் கடிதத்தை லியோரா கையில் கொடுத்தனுப்புகிறேன். ஒட்டியிருக்கிறேன். பிரித்திருந்தால் சொல்.

வெள்ளிக்கிழமை மதியம் யாரோ கதவைத் தட்டினார்கள். நான் நோன்புக்கு முன் சாப்பிடும் சூப்புக்கு இறைச்சி அடைத்த க்ரெப்லாக் கொழுக்கட்டை மடித்துக்கொண்டிருந்தேன், கையெல்லாம் மாவு. திறந்தால் அவள். ஐந்து மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து வந்த முகம். உள்ளே வா என்று நான் சொல்லவில்லை.

"என்னை மன்னிச்சிடு, பாத்யா."

"முடியாது."

"நான் சட்டைக்குள்ள போட்டதையும், படிக்கட்டுல சொன்னதையும், அதுக்கப்புறம் தினமும் உன்னைப் பார்க்காத மாதிரி போனதையும் மன்னிச்சிடு."

"முடியாது."

இரண்டு ஆயிற்று. எனக்கு உள்ளுக்குள் எப்படி இருந்தது தெரியுமா? இனிப்பாக இருந்தது. மூன்றாவதுக்குக் காத்திருந்தேன். அவள் கேட்கவில்லை. மாவுக் கையோடு நான் நிற்கிறேன், அவள் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

"கேளேன்" என்றேன்.

"கேட்க மாட்டேன். கேட்டா நீ முடியாதும்ப. எனக்கு விடுதலை கிடைச்சிடும். அப்படி ஒரு விடுதலை எனக்கு வேணாம்."

"அப்ப எதுக்குடி வந்த?"

"தெரியல. ரெண்டு தடவை கேட்க வந்தேன்னு வெச்சுக்க."

இரண்டு வருஷமாக நான் தயார் செய்து வைத்திருந்ததெல்லாம் மூன்றாவது கேள்விக்கு. அதற்குள் அம்மா வந்து, "யாருடி அது, உள்ள கூப்பிடாம வாசல்ல நிக்க வெச்சு" என்று இழுத்துக்கொண்டு போய் உட்கார வைத்துவிட்டாள். பொழுது சாய்ந்தால் நோன்பு. நோன்பில் பஸ் ஏற முடியாது. சனிக்கிழமை முழுதும் பட்டினியாக நம் வீட்டில் கிடந்தாள், என் அறையில், உன் கட்டிலில். ஜெபக்கூடத்தில் என் பக்கத்தில் நின்றாள். பசி மட்டும் இருவர் வயிற்றிலும் சத்தம் போட்டது.

நோன்பு முடிந்து சாப்பிடும்போது அம்மாவிடமும் அப்பாவிடமும் தாளைப் பற்றிச் சொன்னேன். தொண்டைக்கு ஒன்றும் ஆகவில்லை என்றும் சொன்னேன். அப்பா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டார். வெகுநேரம் கழித்து வந்து என் தலையில் கை வைத்தார். அம்மா, "தொண்டை கெட்டவ குளிக்கும்போது அப்படிப் பாடுவாளா? நீயாச் சொல்லுவன்னுதான் இஞ்சி போட்டுக்கிட்டு இருந்தேன்" என்றாள்.

செவ்வாய்க்கிழமை வருகிறேன். உனக்காக இல்லை. ஒருவர்கூடப் புகார் என்று வந்ததில்லை என்று எழுதியிருக்கிறார்களே, அந்த ஒருவர் நான் என்பதால் வருகிறேன். பொறாமை அப்படியேதான் இருக்கிறது. அதையும் தூக்கிக்கொண்டுதான் வருவேன். நாற்காலி வைக்காமல் கதவைப் பூட்டு, பூட்டு சரியில்லை என்றால் நான் வந்து பார்க்கிறேன்.

பாத்யா


அக்டோபர் 16

அக்கா,

பஸ்ஸில் தூங்கினாயா? நான் தூங்கவில்லை. நேற்று நீ பேசியதை நீயே கேட்டிருக்க முடியாது. அதனால் எழுதுகிறேன்.

நான் பேசியபோது எல்லோரும் தலையை ஆட்டினார்கள். நீ பேசியபோது ஒருவரும் ஆட்டவில்லை, அசையவே இல்லை. நீ அழவும் இல்லை, கத்தவும் இல்லை. "மத்தவங்களுக்கு எதுக்கு" என்று அவள் சொன்னதை அதே குரலில் சொன்னாய் பார், ஹோடன் என் கையை இறுக்கிவிட்டாள். டீன் கண்ணாடியைக் கழற்றினார். "அப்பவே ஏன்மா வந்து சொல்லல?" என்று கேட்டார்.

"வந்து சொன்னா என் கூட யார் நிப்பாங்கன்னு யோசிச்சுப் பார்த்தேன் சார். ஒருத்தர்கூட ஞாபகம் வரல."

அப்போது கடைசி வரிசையில் நாற்காலி நகர்ந்தது. லியோரா எழுந்து நின்றாள். "நான் பக்கத்துலயே இருந்தேன். நானும் யூதப் பெண்தான். எங்கிட்டயும் அந்தத் தாளை நீட்டிடுவாங்கன்னு பயந்து ஒளிஞ்சேன். இதையும் எழுதிக்குங்க" என்றாள். நீ திரும்பிப் பார்க்கவில்லை. உன் கழுத்து மட்டும் சிவந்தது. பாட்டுக் குழுவில் அவள் இன்னும் இருக்கிறாள், தெரியுமல்லவா? இன்று காலை அங்கே ஒருவரும் அவளோடு பேசவில்லையாம்.

அறிக்கையில் அந்த வாக்கியத்தை டீன் எங்கள் முன்பாகவே அடித்தார். விதி எழுதுவார்களா என்பது அடுத்த மாதம் தெரியும். எழுதுவார்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள், அவர்கள் எழுதிய பிறகுதான் நான் நம்புவேன்.

இனி என் வயிற்றெரிச்சல்.

வெளியே வந்ததும் எல்லோரும் உன்னைத்தான் சுற்றிக்கொண்டார்கள். எமிலியோ என் பக்கம்கூட வரவில்லை. "உங்க அக்காவா! உங்க அக்காவா!" என்று என்னையே கேட்கிறான். பத்திரிகைக்காரப் பெண் என்னைக் கொஞ்சம் நகர்ந்து நிற்கச் சொல்லிவிட்டு உன்னைப் படம் எடுத்தாள். இனி அம்மா என்னைப் பிரிட்ஜிலிருந்து எடுத்துவிடுவாள். சரி, அதைப் பொறுத்துக்கொள்வேன்.

பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. உனக்குச் சாப்பாடு போட்ட தட்டுகளை நான் கழுவிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் நீயும் இல்லை, அவளும் இல்லை. ஜன்னல் வழியே பார்த்தேன். கூடத்துக்குப் பின்னால் ஏரிக்கரையில் இருவரும் நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தீர்கள். என்ன சண்டை! நீ கையை வீசுகிறாய், அவள் காலால் தரையை உதைக்கிறாள், "அடுத்த அறையடி! அடுத்த அறை!" என்று நீ கத்தினது கூடம் வரை கேட்டது. அவள் அழுதுகொண்டே திருப்பிக் கத்தினாள். இரண்டு வருஷமாக வாயைத் திறக்காதவள், கண்ணுக்குத் தெரியாதவள் மாதிரி வீட்டில் நடமாடினவள், அங்கே நின்று ஊர் கேட்கக் கத்துகிறாய். ஓடி வந்து நடுவில் நிற்க வேண்டும் போல இருந்தது. யாரும் என்னைக் கூப்பிடவில்லை. ஈரக் கையோடு ஜன்னலிலேயே நின்றேன்.

அவள் உன்னிடம் மூன்றாவது முறை கேட்டாளா என்று எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால் நீ என்ன சொன்னாய் என்றும் தெரியாது. அவளைக் கேட்டால், "அது எனக்கும் அவளுக்கும்" என்று சொல்லிவிட்டு உருளைக்கிழங்கை எடுக்கிறாள். எனக்கும் அவளுக்குமாம்! நான் நடுவில் இல்லாமல் உங்கள் இருவருக்கும் ஒரு பேச்சாம்!

நீ என்னோடு சண்டை போட்டாய் அக்கா. இந்த ஒரு மாதமாக என்னோடு மட்டும்தான் போட்டாய். அது எனக்குக் கிடைத்த பங்கு என்று தெரியாமல், ஒவ்வொரு கடிதத்தையும் பிரிக்க பயந்துகொண்டே பிரித்தேன். இன்று காலை உன்னிடமிருந்து போன் வந்தது. என்னைத் தடுத்து வைத்ததை எடுத்துவிட்டாய் போலிருக்கிறது. "நல்லா இருக்கியாடி, பூட்டு மாத்திட்டியா" என்று அவ்வளவு அன்பாகக் கேட்டாய். எனக்குப் பகீரென்றது.

போன் வேண்டாம். நல்லா இருக்கியா என்று கேட்க வேண்டாம். உட்கார்ந்து எனக்கு ஒரு கடிதம் எழுது, முழுக்கத் திட்டி எழுது.

உன்,
ஸெல்டா